மகளிர் உரிமைத் தொகை: வீட்டுக்காரரின் மீட்டரை வைத்து எங்களை அளக்காதீர்கள்

செயற்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை
சென்னை, செப்டம்பர் 2023

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டதற்கான குறுஞ்செய்திகள் இம்மாதம் 18ஆம் தேதி முதல் வந்துகொண்டிருக்கின்றன. எங்கள் சங்கம் என்ன சொல்லப்போகிறது என்று எல்லாக் கிளைகளிலிருந்தும் கேட்கிறார்கள். அவசரமாகக் கூடிய செயற்குழு நீண்ட விவாதத்துக்குப் பிறகு இந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டது. 2021 தேர்தல் வாக்குறுதியில் தொடங்கி ரேஷன் கடை டோக்கன், முகாம், கைரேகை வரை நடந்ததெல்லாம் உறுப்பினர்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறோம். திட்டத்தை நாங்கள் வரவேற்கிறோம். பெண்ணின் பெயரில், பெண்ணின் வங்கிக் கணக்கில், மாதம் 1,000 ரூபாய் வருவது சிறிய விஷயமில்லை. காஞ்சிபுரத்தில் 15ஆம் தேதி முதலமைச்சர் தொடங்கி வைத்த இத்திட்டத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்கள் பயனடைவதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 லட்சம் பேர். விடுபட்டிருக்கும் ஏறத்தாழ 57 லட்சம் பேரும் வசதியானவர்கள் என்று யாராவது சொன்னால், அவர் எங்கள் பகுதிக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

தகுதி விதிகளில் வருமான வரம்பு, நில வரம்பு ஆகியவற்றில் சங்கத்துக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வாகன விதியில், பிழைப்புக்காகத் தவணையில் வாங்கிய சிறு சரக்கு வண்டியைச் சொகுசுக் காரோடு சேர்த்து எண்ணக் கூடாது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம். வீட்டில் ஒருவர் அரசு ஓய்வூதியம் பெற்றால் மற்ற பெண்களுக்குத் தொகை இல்லை என்ற விதி, முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் உள்ள வீடுகளுக்கு ஆகஸ்டில் தளர்த்தப்பட்டது. அதே தளர்வு ஆதரவற்ற விதவை உதவித்தொகை பெறுபவர் இருக்கும் வீட்டின் மற்ற பெண்களுக்கும் வேண்டும்.

இனி மின்சார விதிக்கு வருவோம். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் குடும்பம் தகுதியற்றது என்கிறது அரசு. சொந்த வீடும் சொந்த மீட்டரும் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி இது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் காசிமேட்டிலும் எங்கள் உறுப்பினர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள்? ஒரே கட்டடத்தில் நான்கு, ஐந்து போர்ஷன். மின் வாரியத்தின் மீட்டர் ஒன்றே ஒன்று, அதுவும் வீட்டுக்காரர் பெயரில். குடித்தனக்காரர்களுக்கு இருப்பது சப் மீட்டர். அது வாரியத்தின் கணக்கில் இல்லாததால் அரசின் கண்ணிலும் படாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபேன், இரண்டு லைட், ஒரு டிவி, ஒரு மிக்ஸி இருக்கும் ஒற்றை அறைக் குடித்தனத்துக்கு மாதம் 70 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து குடித்தனம் சேர்ந்தால் 350. ஆண்டுக்கு 4,200. எல்லாரும் அந்த ஒரே இணைப்பு எண்ணைத்தான் விண்ணப்பத்தில் எழுதினார்கள். வேறு எந்த எண்ணை எழுத முடியும்? வரம்பில் நான்கில் ஒரு பங்கைக்கூடத் தொடாத ஐந்து பெண்களும் ஆடம்பரமாக மின்சாரம் செலவழிப்பவர்கள் ஆகிவிட்டார்கள்!

இதே பெண்கள்தான் வீட்டுக்காரருக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசின் சலுகை இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. ஆகவே அதுவும் வீட்டுக்காரரோடு நின்றுவிடுகிறது. மின்சாரத்துக்கு அதிக விலை கொடுப்பவர் இவர், சலுகை கிடைக்காதவர் இவர், இப்போது அதே மீட்டரைக் காட்டி உரிமைத் தொகையும் இல்லை என்று அனுப்பப்படுபவரும் இவர். இதை நிர்வாகக் குறைபாடு என்று மட்டும் சொன்னால் போதும் என்று செயற்குழுவில் சிலர் கருதினார்கள். அநீதி என்றே எழுத வேண்டும் என்று மற்றவர்கள் உறுதியாக நின்றார்கள். அநீதி என்றே எழுதுகிறோம்.

விண்ணப்பங்களைப் பிற துறைகளின் தரவுகளோடு ஒப்பிட்டதாகவும் கள ஆய்வு செய்ததாகவும் அரசு கூறுகிறது. கள ஆய்வுக்கு வந்தவர் மாடிப்படிக்கு அடியில் வரிசையாக மாட்டியிருக்கும் சப் மீட்டர்களைப் பார்த்திருந்தாலே போதும். கணினி சொன்னதை ஒரு மனிதர் சரிபார்க்கத்தானே கள ஆய்வு?

நிதி இல்லை என்ற பதிலையும் எதிர்பார்க்கிறோம். கடந்த மார்ச் பட்ஜெட்டில் இதற்கு 7,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதம். மாதம் 1,000 ரூபாய் என்றால் சரியாக ஒரு கோடிப் பெண்களுக்கு வரும். முதலில் எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி விதிகளை எழுதினார்களோ என்ற ஐயம் எங்களுக்கு இருக்கிறது. அப்படி இல்லையென்றால் அரசு விளக்கட்டும், கேட்கத் தயாராக இருக்கிறோம்.

“இலவசம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்” என்ற பேச்சுக்கு ஒரே பதில். அமெரிக்காவின் ஸ்டாக்டன் நகரில் 2019 முதல் 24 மாதங்களுக்கு 125 பேருக்கு மாதம் 500 டாலர் நிபந்தனையின்றிக் கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே அவர்களில் முழுநேர வேலையில் இருந்தவர்கள் 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் போனது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அயல்நாட்டுச் சான்று வேண்டாம் என்பவர்கள், தங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தினமும் யார் தேய்க்கிறார்கள் என்று சமையலறையில் எட்டிப் பார்க்கட்டும்.

நிபந்தனை இல்லாமல், எல்லாப் பெண்களுக்கும் இத்தொகை வேண்டும் என்பதே சங்கத்தின் இறுதி இலக்கு. அதை இப்போதே முதல் கோரிக்கையாக வைப்பதா, விடுபட்டவர்களைச் சேர்த்த பிறகு வைப்பதா என்பதில் இரு கருத்துகள் உள்ளன. இப்போதைக்குப் பின்னதையே செயற்குழு ஏற்கிறது. ஆனால் ஒன்றை நினைவூட்டுகிறோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறும் பெண்ணிடம் எந்தக் கண்டக்டரும் மின் இணைப்பு எண் கேட்பதில்லை. எல்லாருக்கும் என்று சொல்லி ஒரு திட்டத்தை நடத்த இந்த அரசுக்குத் தெரியும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. ஒரே மின் இணைப்பில் பல குடும்பங்கள் இருந்தால், மொத்த யூனிட்டைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கணக்கிட வேண்டும். வாடகைதாரருக்கு மின்சார விதியையே நீக்கினால் இன்னும் நல்லது.

2. “தகுதியில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த விதியில், எந்த ஆவணத்தின்படி நிராகரிக்கப்பட்டது என்பதை எழுத்தில் தர வேண்டும்.

3. 30 நாள் மேல்முறையீட்டுக் கெடுவை நீட்டிக்க வேண்டும். வேலைக்கு லீவு போட்டு இ-சேவை மையத்தில் நிற்பவருக்கு அன்றைய கூலி போகிறது.

4. வந்த ஆயிரத்தைக் குறைந்தபட்ச இருப்பு, சேவைக் கட்டணம் என்று சொல்லி வங்கிகள் பிடித்திருக்கின்றன. நடவடிக்கை எடுப்போம் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கூறியிருக்கிறார். பிடித்த பணம் திரும்பக் கணக்கில் ஏற வேண்டும், அதுதான் நடவடிக்கை.

உறுப்பினர்களுக்கு: இடைத்தரகர் யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள், ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். மேல்முறையீட்டை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். கூடவே, ஒரே மீட்டரில் குடியிருக்கும் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து, ரேஷன் அட்டை நகல்களோடும் சப் மீட்டர் படத்தோடும் கோட்டாட்சியருக்கு ஒரு கூட்டு மனு எழுதுங்கள். கிளைச் செயலாளர்கள் அவற்றைத் திரட்ட வேண்டும். மனுக்களை நாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒப்புகைச் சீட்டு கையில் வராமல் அந்த அலுவலகத்தை விட்டு நகர மாட்டோம்.