மயிற்பொறியும் மேம்பாலமும்

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்க்கு வானூர்தி என்றவுடன் நினைவில் எழுவது சீவக சிந்தாமணியின் மயிற்பொறியாகும். பகைவர் அரண்மனையைச் சூழ்ந்த வேளையில், சச்சந்தன் கருவுற்றிருந்த தன் தேவி விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் கட்டியங்காரனோடு பொருது மடிகின்றான். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கின்றான். இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பறந்த பொறியை விட, அதில் ஏறாமல் நின்ற தந்தையே எம் கண்முன் வருவார். எம் தந்தையாரே அதற்குக் காரணம்.

அத்தா தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும் பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கும் ஆங்கில இதழ்களைப் படம் பார்த்தே படித்து முடிப்பார். அவ்வாறு அவர் வெட்டியெடுத்துப் பற்றுவரவு நோட்டில் ஒட்டி வைத்த படம் ஒன்று எம்மிடம் உள்ளது. அமெரிக்கப் பொறியாளர் மோல்ட்டன் டெய்லர் 1949இல் பறக்கவிட்ட ‘ஏரோகார்’ அது. சிறகுகளை மடித்து இழுவை வண்டியாகப் பின்னால் கட்டிக்கொண்டு சாலையில் ஓடும். சிறகைப் பூட்டினால் வானில் ஏறும். "நீ பெரியவனாகும்போது எல்லாக் காரும் பறக்கும் தம்பி. கேட்டில் காத்துக் கிடக்க வேண்டாம்" என்பார். எமது ஊரின் ரயில்வே கேட்டு வீட்டிற்கும் பட்டறைக்கும் இடையில் இருந்தது. அவர் வாழ்நாளில் அங்கே நின்ற நேரத்தைக் கூட்டினால் சில மாதங்கள் தேறும்.

அத்தா சொன்னது பொய்யன்று. ஏரோகார் 1956இல் அமெரிக்க அரசின் பறப்புத் தகுதிச் சான்றிதழையும் பெற்றது. எனினும் செய்யப்பட்டவை ஆறே. அதற்கு முன், 1947இல், கான்வேர் நிறுவனத்தின் பறக்கும் கார் எரிபொருள் தீர்ந்து தரையில் மோதியது. காருக்கு ஒன்றும் விமானத்திற்கு ஒன்றுமாக அதில் இரு அளவுமானிகள் இருந்தன. ஓட்டியவர் காரின் அளவைப் பார்த்துவிட்டு மேலே ஏறினார் என்பர். உயிர் தப்பினார்.

இடர் எங்கே உள்ளது என்பதைப் பட்டறைக்காரரான அத்தா நன்கு அறிந்திருந்தார். காருக்குக் கனம் வேண்டும், விமானத்திற்கு இலேசு வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் சாலையில் சுமாரான காரும் வானில் சுமாரான விமானமுமே கிடைக்கும். கார்க் கதவு நசுங்கினால் டிங்கர் வேலையோடு தீர்ந்தது. சிறகு நசுங்கினால் உயிருக்கே கேடு. "ரோட்டில் நின்றால் தள்ளி ஓரம் கட்டலாம், மேலே நின்றால் எங்கே ஓரம் கட்டுவது?" என்று அவரே கேட்டுச் சிரிப்பார். இவ்வளவு தெரிந்தவர் எமக்கு ஏன் அவ்வாறு வாக்களித்தார் என்பது நெடுநாள் விளங்கவில்லை. மகன் பொறியியல் படிப்பான் என்று எதிர்பார்த்திருக்கலாம். யாம் தமிழ் படிக்க வந்தோம். வருந்தியிருந்தாலும் அவர் வெளிக்காட்டவில்லை.

கனவு இன்றும் அற்றுப் போகவில்லை. 2021 ஜூன் 28ஆம் நாள் ஸ்லோவாக்கியாவில் ‘ஏர்கார்’ என்னும் ஊர்தி நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவிற்கு 35 நிமிடத்தில் பறந்து இறங்கி, சிறகை மடக்கிக்கொண்டு நகருக்குள் ஓடியது. மறு ஆண்டு சான்றிதழும் பெற்றது. ஆனால் அதற்கும் ஓடுதளம் வேண்டும். நின்ற இடத்திலிருந்தே எழும் மின் ஊர்திகளோ மின்கலத்தின் சுமையால் திணறுகின்றன. ஒரு கிலோ பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே ஒரு கிலோ மின்கலத்தில் அடங்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது பயணியரை ஏற்றிப் பறப்பதாக அறிவித்த ஜெர்மனியின் வோலோகாப்டர் நிறுவனம், அது இயலாமற்போய், அவ்வாண்டு டிசம்பரில் நொடிப்பு நிலையை அறிவித்தது.

1996இல் ஒரு பின்னிரவில் அத்தாவுக்கு மார்பு வலி கண்டது. வாடகைக் காரில் பின் இருக்கையில் படுக்க வைத்து நகர மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். கேட்டு மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று வந்தது, நின்றது, பின்னோக்கி நகர்ந்தது, மீண்டும் நின்றது. கேட்டுக்காரர் கைவிளக்கோடு ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து நின்றார். அவர் மீது குற்றமில்லை. இருபத்தைந்து நிமிடம். அத்தா எம் மணிக்கட்டைப் பற்றியிருந்தார். ஒருமுறை கண்ணாடி வழியே மேலே பார்த்தார். எம்மைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அவர் நினைத்தது எமக்குத் தெரியும். "அரைமணி முன்னதாக வந்திருந்தால்..." என்று தொடங்கிய மருத்துவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. மறுநாள் மாலை நல்லடக்கம் நடந்தது.

பறக்கும் காரைக் கனவு கண்டோர் மீது எமக்குச் சினமில்லை. மாணவர்கள் கனவு காணட்டும். ஆனால் அந்த இரவில் எம் தந்தையாருக்குத் தேவைப்பட்டது வானூர்தியன்று, ஒரு மேம்பாலம். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மேம்பாலம் வரும் என்ற வாக்குறுதி எமது பள்ளி நாள் முதலே ஊரில் உலவியது. அளவுக்கல் நட்டார்கள். ஆடுகள் முதுகு உரசிக்கொண்டன. தேர்தல்தோறும் கல்லுக்கு வெள்ளையடித்தார்கள். ஏரோகார் வராதது பொறியியலின் இயலாமை. பாலம் வராததை என்னவென்பது? எது இயலாதது, எதைச் செய்யாமல் விட்டனர் என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் நம் ஊர்களில் வளரவில்லை என்பது எம் கருத்து. ஊர்ப் பெரியோர் முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டும். யாமும் அத்தாவை இழந்த பிறகே கேட்கத் தொடங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை. பதினேழு ஆண்டுகள் மனு எழுதினோம். தமிழ் படித்தது அதற்குப் பயன்பட்டது.

பாலம் 2013இல் திறக்கப்பட்டது. உச்சியில் செல்லும்போது கீழே தண்டவாளமும், கேட்டுக்காரரின் பூட்டிய அறையும், அப்பால் இப்போது வேறொருவர் நடத்தும் பட்டறையின் தகரக் கூரையும் தெரிகின்றன. கடக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.