அந்தி நீலத்தைத் திருத்தாதீர்கள்
கன்னியாகுமரியில் மாலை தொடங்கி இரவு வரை எடுத்த டைம்லாப்ஸ் ஒன்றைப் பார்த்தேன். வெயிலில் நின்ற வள்ளுவர் சிலை நீலத்தில் கரைந்து, விளக்கொளியில் மீண்டும் எழுகிறது. வானம் மட்டும் இடையிடையே வெடுக்கென்று நிறம் மாறுகிறது. வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் இப்படித்தான், ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தனித்தனியாக முடிவெடுக்கும். ரா கோப்பாக எடுத்திருந்தால் எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம். ஆனால் பலர் நிற வெப்பநிலையைப் பகலுக்கு 5500 கெல்வின், விளக்கொளிக்கு 3000 என்று இரு முனையிலும் கீஃபிரேமாக வைத்துவிட்டு, நடுவை மென்பொருளிடம் விட்டுவிடுகிறார்கள். அது போதாது. 3000-க்கும் 3500-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் அறையும். 6000-க்கும் 6500-க்கும் உள்ளது லேசாகத்தான் தெரியும். எண்ணைச் சமமாகக் குறைத்துக்கொண்டே போனால் கடைசிப் பகுதியில் நிறம் தடதடவென்று ஓடும். அதிலும் நம் பக்கத்து அந்தி சீக்கிரம் முடிந்துவிடுவது. சூரியன் மறைந்த அந்த அரை மணிக்குள் இன்னும் இரண்டு மூன்று கீஃபிரேம் வைத்து, கெல்வின் இறங்க இறங்க, குறைக்கும் அளவையும் சிறிதாக்க வேண்டும். முக்கியமாக, அந்த நேரத்து வானம் 10000 கெல்வினைத் தாண்டுகிறதே என்று அதற்கேற்பத் திருத்தினால் சாம்பல்தான் மிஞ்சும். அந்த நீலத்துக்காகத்தானே ட்ரைபாடை நட்டுவைத்துக் காத்துக் கிடந்தது!