காஸுக்குப் பணமுண்டு, கண்ணாடிக்குப் பணமில்லை!

1696-ம் ஆண்டில் இங்கிலாந்து சர்க்கார் ஒரு விசித்திரமான வரியைப் போட்டது. வீட்டில் எத்தனை ஜன்னல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி வரி! ஜனங்கள் என்ன செய்தார்கள்? செங்கல் வைத்து ஜன்னல்களை அடைத்தார்கள். வெளிச்சமும் காற்றும் இல்லாத அறைகளில் ஏழைகள் நோயோடு கிடந்தார்கள். பலத்த கிளர்ச்சிக்குப் பிறகு 1851-ல்தான் இந்த வரி ஒழிந்தது. 155 ஆண்டுகள் அது நீடித்தது!

இன்று அந்நாட்டில் ஜன்னல் வரி கிடையாது. ஆனாலும் அங்கேயுள்ள பள்ளிக்கூடங்களும், ஆஸ்பத்திரிகளும், நகரசபைக் கட்டிடங்களும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இன்னொரு விதமான ஜன்னல் வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே ஓடிப்போகும் உஷ்ணத்துக்குக் கொடுக்கும் விலைதான் அது. அன்றைய வரி மன்னனின் கஜானாவுக்குப் போயிற்று. இன்றைய வரி காஸ் கம்பெனிகளின் கஜானாவுக்குப் போகிறது.

“பிரிட்டனில் பள்ளிக்கூடத்து ஜன்னல் எப்படி இருந்தால் நமக்கென்ன?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொதுக் கட்டிடங்களுக்கு எங்கிருந்து பணம் வருவது, யார் கையால் செலவழிப்பது என்பதில் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் சமைத்த பண்டத்தைத்தான் ‘பொது-தனியார் கூட்டு’ என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரிமாறினார்கள். சமைத்த வீட்டிலேயே அந்தப் பண்டம் என்னவாயிற்று என்று தெரிந்துகொள்வது நல்லது.

எவ்வளவு உஷ்ணம் ஓடுகிறது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியே சுமார் 5 வாட் உஷ்ணம் வெளியேறும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஆர்கான் வாயுவை அடைத்து, உஷ்ணத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சும் பூசிய இன்றைய ஜன்னலில் சுமார் 1.4 வாட்தான் வெளியேறும்.

வகுப்பறை ஒன்றில் 20 சதுர மீட்டர் கண்ணாடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே குளிர் பூஜ்யம் டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும். ஒற்றைக் கண்ணாடியானால் 2,000 வாட் இழப்பு. அதாவது, ஒரு பெரிய மின்சார ஹீட்டரை ஜன்னலுக்கு வெளியே வைத்து நாள் முழுவதும் தெருவைச் சூடேற்றுவதற்குச் சமம். புது ஜன்னலானால் 560 வாட். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சம்!

இத்தனை கண்ணாடி ஏன் வைத்தார்கள்? இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்காக ஆயிரக்கணக்கில் பள்ளிக்கூடங்கள் கட்ட வேண்டியிருந்தது. நாட்டிங்காம்ஷைர் முதலிய ஸ்தல ஸ்தாபனங்கள் 1957-ல் ஒன்று சேர்ந்து, இரும்புச் சட்டங்களை வைத்து வேகமாகக் கட்டும் ஒரு முறையை உருவாக்கின. நிலக்கரிச் சுரங்கங்களால் தரை அமிழும் பகுதிகளிலும் அந்தக் கட்டிடங்கள் நின்றன. 1960-ல் மிலான் கண்காட்சியில் இம்முறைக்குப் பெரும் பரிசு கிடைத்தது. குழந்தைகளுக்கு வெளிச்சம் வேண்டும் என்று அகலமான ஜன்னல்கள் வைத்தார்கள். அந்த நோக்கம் உயர்ந்தது. அன்று எண்ணெயும் மலிவு. 1973-ல் எண்ணெய் விலை ஏறிய பிறகுதான் விஷயம் விளங்கிற்று. பொதுப் பணத்தில் கட்டிய அந்தக் கட்டிடங்களைப் பழுது பார்க்க வேண்டிய கடமையை அடுத்தடுத்து வந்த சர்க்கார்கள் தட்டிக் கழித்தன.

விளைவு என்ன? பிரிட்டிஷ் தேசிய தணிக்கை அலுவலகம் 2023 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இங்கிலாந்தில் சுமார் 7 லட்சம் மாணவர்கள் பெரிய அளவில் புதுப்பிக்கவோ திரும்பக் கட்டவோ வேண்டிய பள்ளிகளில் படிக்கிறார்கள் என்று அது கூறியது. பள்ளிக் கட்டிடங்களை நல்ல நிலையில் வைக்க வருஷத்துக்கு 530 கோடி பவுன் தேவை என்று கல்வி இலாகாவே 2020-ல் சிபாரிசு செய்தது. நிதி இலாகாவிடம் கேட்டது 400 கோடி. கிடைத்தது சராசரி 310 கோடி! ஆஸ்பத்திரிகளின் கதை இன்னும் மோசம். தேங்கிக் கிடக்கும் பழுது வேலைகளின் செலவு 2023-24-ல் 1,380 கோடி பவுன்.

இரண்டு பைகளின் மர்மம்

பணமே இல்லையா? இருக்கிறது. எந்தப் பையிலிருந்து, எதற்காக எடுப்பது என்பதில்தான் சூட்சுமம்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பைகள். அன்றாடச் செலவுக்கு ஒரு பை. ஆசிரியர் சம்பளம், புத்தகம், காஸ் பில் எல்லாம் அதிலிருந்து. கட்டிட வேலைக்கு இன்னொரு பை. அதன் வாயை மேலிடம்தான் திறக்கும். காஸ் பில்லைக் கட்டியே தீர வேண்டும், கட்டாவிட்டால் குழாயை மூடிவிடுவான். ஜன்னல் மாற்றுவதை அடுத்த வருஷம் பார்க்கலாம். இப்படியே முப்பது வருஷம் ஓடுகிறது.

2022-ல் உக்ரைன் யுத்தத்தை ஒட்டி காஸ் விலை வானளாவ ஏறியபோது என்ன நடந்தது? அந்த ஆண்டு அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை ஆறு மாதங்களுக்கு, வியாபார ஸ்தலங்களுக்கும் பள்ளிகள், ஆஸ்பத்திரிகள் முதலியவற்றுக்கும் சர்க்கார் ஒரு விலை வரம்பு வைத்தது. வரம்புக்கு மேற்பட்ட தொகையை சப்ளை கம்பெனிகளுக்குக் கஜானாவிலிருந்தே கட்டியது. பள்ளிகள் மூடாமலிருக்க அது அவசியமாயிருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு கண்ணாடிச் சில்லாவது மிஞ்சிற்றா? எரிந்து புகையாய்ப் போயிற்று. அதே 2022-ல் ஷெல் கம்பெனியின் லாபம் ஏறத்தாழ 4,000 கோடி டாலர். அதன் 115 ஆண்டு சரித்திரத்திலேயே அதுதான் அதிகம்!

மானியமும் பந்தயமும்

நியாயத்தைச் சொல்ல வேண்டும். சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 2004-ல் துவங்கிய சாலிக்ஸ் என்ற பொது நிதி நிறுவனம், மின்சாரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும் வேலைகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் போட்ட பணம் மிச்சத்திலிருந்தே 5 ஆண்டில், பள்ளியானால் 8 ஆண்டில் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. விளக்கு மாற்றினால் திரும்பும். ஜன்னல் மாற்றினால் அவ்வளவு சீக்கிரம் திரும்புவது அரிது. எனவே விளக்குகள் மாறின; ஜன்னல்கள் அப்படியே நின்றன.

2020-ல் பொதுத்துறைக் கட்டிடங்களின் கரிப்புகையைக் குறைக்க 100 கோடி பவுன் மானியத் திட்டம் வந்தது. பிறகு அதன் மூன்றாவது கட்டத்துக்கு 142.5 கோடி ஒதுக்கினார்கள். இதில் பல கட்டிடங்களுக்கு ஜன்னலும் கிடைத்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். மிச்சமாகும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் முதல் கட்டத்தில் 500 பவுன் வரை மானியம் கேட்கலாம். மூன்றாவது கட்டத்தில் அது 325 பவுனாகச் சுருங்கிற்று. விலை அதிகமான ஜன்னல் வேலைதான் இந்த வடிகட்டியில் முதலில் சிக்கும். மூன்றாவது கட்டத்தில் பழைய பாய்லரையும் மாற்றினால்தான் மனு செல்லும். ஜன்னலுக்கு மட்டும் என்று கேட்க முடியாது. மனுக்களை வந்த வரிசைப்படி பார்த்தார்கள். மனு எழுத நிபுணரை அமர்த்தத் திராணியுள்ள நிர்வாகம் முந்திக்கொண்டது. ஒழுகும் கட்டிடமும் ஒரே ஒரு குமாஸ்தாவும் உள்ள சின்ன பள்ளிக்கூடம் பின்தங்கிற்று. தேவைப்பட்டவனுக்குப் பங்கீடு என்பது போய், ஓடத் தெரிந்தவனுக்குப் பரிசு என்றாயிற்று!

கடைசியில் அந்தப் பந்தயத்துக்கும் முற்றுப்புள்ளி. நடப்புக் கட்டத்துக்கு மேல் பணம் இல்லை, 2028 மார்ச்சோடு திட்டம் முடிகிறது என்று 2025 ஜூனில் தொழிற்கட்சி சர்க்கார் அறிவித்தது. சில மாதங்களுக்கு முன்புதான் அதே சர்க்கார், பள்ளிகள், ஆஸ்பத்திரிகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகள் பதிக்க 18 கோடி பவுனை முழக்கத்துடன் அறிவித்திருந்தது. சூரிய மின்சாரம் நல்லதே, வேண்டியதே. ஆனால் கூரையில் தகடு மின்ன, கீழே ஓட்டை ஜன்னல் வழியாக உஷ்ணம் ஓடினால் அது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான்.

தனியாரிடம் விட்டால்?

“கஜானாவில் பணமில்லையென்றால் தனியார் முதலீட்டைக் கூப்பிடுங்கள்” என்கிறார்கள் சில நிபுணர்கள். அதையும் பிரிட்டன் செய்து பார்த்தாகிவிட்டது. 1992-ல் கன்சர்வேடிவ் சர்க்கார் துவக்கி, பின்னர் தொழிற்கட்சி சர்க்கார் ஊதிப் பெருக்கியது ‘தனியார் நிதி முயற்சி’. கம்பெனி கட்டிடம் கட்டும். பொது ஸ்தாபனம் 25, 30 ஆண்டு வாடகை போலக் கட்ட வேண்டும். 2018 ஜனவரியில் தேசிய தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தது. 700-க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள். அவற்றின் மூலதன மதிப்பு சுமார் 6,000 கோடி பவுன். இனிமேல் கட்ட வேண்டியது 2040-கள் வரை 19,900 கோடி பவுன்! இதில் துப்புரவு, பராமரிப்புச் செலவும் அடங்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு தொகுதிப் பள்ளிகளை எடுத்து ஒப்பிட்டபோது, சர்க்கார் கடன் வாங்கிக் கட்டுவதைவிட இம்முறையில் சுமார் 40 சதவிகிதம் அதிகச் செலவு என்று அதே அறிக்கை சொல்லிற்று. அதே மாதம் இத்துறையின் பெரும் கம்பெனியான காரில்லியன் திவாலாயிற்று. அக்டோபரில், இனிப் புது ஒப்பந்தங்கள் கிடையாது என்று நிதி மந்திரியே அறிவிக்க நேர்ந்தது.

மிச்சத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. அவர்கள் விளக்கு, பாய்லர் கட்டுப்பாட்டுக் கருவி போன்ற சீக்கிரம் லாபம் தரும் கனிகளைப் பறித்துக்கொள்வார்கள். முப்பது வருஷம் நிற்கும் ஜன்னலை யார் தலையில் கட்டுவார்கள்? ஸ்தல ஸ்தாபனத்தின் தலையில்தான்.

மலிவின் விலை

வேலையை எப்படிச் செய்வது என்பதும் உயிர்ப் பிரச்னை. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு, நகரசபைக்குச் சொந்தமானது. 2016-ல் முடிந்த புதுப்பிப்பில் புது ஜன்னல்களும், குளிரைத் தடுக்கும் வெளிப்புற உறையும் போட்டார்கள். உறைக்குத் துத்தநாகத் தகடு போடுவதாயிருந்ததை மாற்றி, உள்ளே பிளாஸ்டிக் வைத்த மலிவான அலுமினியத் தகட்டைப் போட்டார்கள். மிச்சம் சுமார் 3 லட்சம் பவுன். 2017 ஜூன் 14 அன்று ஒரு சமையலறையில் பற்றிய தீ, ஜன்னலைச் சுற்றிப் பொருத்திய பிளாஸ்டிக் பகுதிகளை உருக்கிக்கொண்டு வெளியேறி, அந்த உறையைப் பற்றியது. 72 பேர் மாண்டார்கள். அந்த மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக்கூடியவை என்று 2024 செப்டம்பரில் விசாரணைக் கமிஷன் தலைவர் கூறினார். எரிபொருளை மிச்சப்படுத்துவதைக் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. உயிரைவிட டெண்டரில் குறைந்த விலையே பெரிதென்று நினைத்த முறைதான் குற்றவாளி.

யுத்தத்துக்குப் பிந்திய பள்ளிகளில் ஜன்னலடியில் ஆஸ்பெஸ்டாஸ் பலகைகள் பல இடங்களில் உண்டு. அதை அவசரத்தில் உடைத்தால் முதலில் நோயாளியாகிறவன் தொழிலாளி. இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

ஓர் ஆட்சேபம்

“அதே பணத்தைக் கூரைக்குப் போட்டால் அதிக மிச்சம். ஜன்னல் வீண் ஆடம்பரம்” என்று ஒரு வாதம் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. கூரையும் சுவரும் முதலில் வரட்டும். சில பழைய கட்டிடங்களில் உள்பக்கம் இன்னொரு கண்ணாடி பொருத்தினாலே போதும், செலவும் குறைவு. ஆனால் இரும்புச் சட்டம் துருப்பிடித்து மூட முடியாமல் நிற்கும் ஜன்னலை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது நல்ல ஜன்னலுக்கும் மட்டமான ஜன்னலுக்கும் உள்ள வித்தியாசத் தொகையைத்தான் மிச்சத்தோடு ஒப்பிட வேண்டும், முழுத் தொகையை அல்ல. தவிரவும், ஜன்னலை மாற்றாமல் புது ஹீட்டரை வைத்தால் அளவுக்கு மீறிப் பெரிய ஹீட்டர் தேவைப்படும். அந்த வீண் செலவையும் சேர்த்துப் பார்த்தால், மலிவு எது என்பது விளங்கும்.

என்ன செய்ய வேண்டும்?

வழி இல்லாமலில்லை. 1793-லிருந்து வேரூன்றிய பொது மராமத்துக் கடன் ஏற்பாடு பிரிட்டனில் இன்றும் இருக்கிறது. ஸ்தல ஸ்தாபனங்களுக்கு 50 ஆண்டு வரை அதில் கடன் கிடைக்கும். 2019 அக்டோபரில் அதன் வட்டியை ஒரேயடியாக ஒரு சதவிகிதம் உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் குறைத்தார்கள். மனமிருந்தால் வட்டியைக் குறைக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஜன்னலின் ஆயுள் 30 ஆண்டு என்றால் கடனின் ஆயுளும் 30 ஆண்டாக இருக்க வேண்டும். மிச்சமாகும் காஸ் பில்லிலிருந்து ஒரு பகுதி திரும்பட்டும். குழந்தைகளின் சுகம், கட்டிடத்தின் பாதுகாப்பு என்ற மீதிப் பகுதிக்குக் கஜானா மானியம் தரட்டும். பந்தயம் ஒழிந்து, எந்தக் கட்டிடம் மிக மோசமோ அதற்கு முதலிடம் என்ற வரிசை வர வேண்டும். ஸ்தல ஸ்தாபனங்கள் சொந்தத் தொழிலாளர்களை நியமித்து, இளைஞர்களைப் பழக்கி, வருஷா வருஷம் விடாமல் வேலை நடத்த வேண்டும். ஒரு வருஷம் பணம், மறு வருஷம் பட்டினி என்றால் எந்தக் கைத்தொழிலாளி நிலைப்பான்? வேலையைக் கண்காணிக்க ஆசிரியர்களுக்கும், ஊழியர்களுக்கும், குடியிருப்போருக்கும் உரிமை வேண்டும். கிரென்ஃபெல்லில் குடியிருந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். கேட்பாரில்லை.

இவற்றில் எதுவும் நடக்காத காரியமல்ல. கணக்கு எழுதும் முறையை மாற்ற வேண்டும். அதை மாற்றும்படி நிர்ப்பந்திக்க ஜனங்களின் குரல் வேண்டும். 2028 மார்ச்சுக்கு அதிக நாளில்லை. அதற்குப் பிறகு வரும் முதல் குளிர்காலத்திலும் அந்தப் பள்ளிக்கூடங்களுக்குக் காஸ் பில் தவறாமல் வந்து சேரும். அதைக் கட்டக் கஜானாவில் எப்படியாவது பணம் கிடைக்கும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே கண்ணாடிக்குக் கொடு என்பதுதான் கோரிக்கை.