படத்தில் பார்த்த அலுமாரியும் கையால் தொட்ட மேசையும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று பல மாதங்களின் பின்னர் தனக்கென்று ஒரு கூரையின் கீழ் கால் வைக்கும்போது எதைத் தேடுகிறது? அரிசியும் பருப்பும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. பானை சட்டிகளை யாராவது தந்திருப்பார்கள். அதன் பின்னர் தாய் கேட்பது ஒரு கட்டில். தகப்பன் கேட்பது பூட்டுள்ள ஓர் அலுமாரி. பள்ளிக்குப் போகும் பிள்ளை கேட்பது எழுதுவதற்கு ஒரு மேசை.

இவற்றை ஆடம்பரம் என்று எவரும் சொல்ல முடியாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணி பற்றிய கடிதம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கியவர்களுக்குப் பூட்டுள்ள அலுமாரி என்பது "இனி இங்கேதான் இருக்கப்போகிறோம்" என்ற நம்பிக்கையின் அடையாளமாகும்.

எமது மக்கள் இந்த நம்பிக்கையை எத்தனை தடவை இழந்திருக்கின்றார்கள்! 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்றவர்கள், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டி விவசாயம் செய்தார்கள். 2009 இல் முடிந்த போரின் கடைசி மாதங்களில், உழைத்து வாங்கிய கட்டிலையும் கதிரையையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று, ஈற்றில் அவற்றைத் தெருவோரத்தில் விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் இருந்த இடமே தெரியாமற் போயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் வீடுகளோடு மரக்கறித் தோட்டங்களையும் மண் மூடியது.

இவ்வனர்த்தத்தின் பின்னர், வீட்டுப் பொருட்களை வாங்குவதற்கென 50,000 ரூபா கொடுப்பனவை அரசு அறிவித்தது. உறவினரும் சபைகளும் சிறுசிறு தொகைகள் கொடுத்தனர். இந்தப் பணம் ஒரு தடவைதான் வரும். அதை எங்கே, யாரிடம் கொடுப்பது? கையடக்கத் தொலைபேசியில் படம் பார்த்து வாங்குவதா, ஹட்டன் நகருக்குப் போய்க் கடையில் வாங்குவதா? சிறிய கேள்வி போலத் தோன்றினாலும், இதைப் பற்றி நாம் ஒன்றாக இருந்து சிந்திக்க வேண்டியவர்களாயுள்ளோம்.

இளைஞர் சொல்வதில் நியாயம் உண்டு

டிக்கோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நாம் இதைப் பற்றிக் கதைத்தபோது, இளைஞர்கள் இணையவழிக் கொள்வனவையே ஆதரித்தார்கள். "கடைக்குப் போனால் முதலில் எங்கள் காலைப் பார்ப்பார்கள், பிறகு எந்தத் தோட்டம் என்று கேட்பார்கள், அதன் பிறகுதான் விலை சொல்வார்கள். தொலைபேசியில் எல்லாருக்கும் ஒரே விலை" என்றாள் ஒரு யுவதி. அவளது வார்த்தைகள் எம்மைச் சுட்டன. கடை வாசலில் அவமானப்பட்ட மக்கள், முகம் பார்க்காத இயந்திரத்தை நம்புவதில் வியப்பில்லை.

இன்னும் சில நன்மைகளும் உண்டு. நகருக்குப் போய்வர ஒரு நாள் வேலையும் பஸ் கட்டணமும் போகின்றன. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்த 2026 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. அந்தக் கணக்கின்படி 31,000 ரூபா பெறுமதியான ஓர் அலுமாரி முழுமையாக இருபது நாள் உழைப்பு. மரக்கறி செய்பவருக்கோ அது ஒரு போகத்துக் கரட்டில் கடனெல்லாம் போக மிஞ்சும் காசு. இப்படிப்பட்டவர்கள் ஒரே இடத்தில் இருந்து நூறு விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியுமென்றால், அதை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் முகம் பார்க்காத இயந்திரம், பொருள் உடைந்து வரும்போதும் எமது முகத்தைப் பார்ப்பதில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

மூன்று பெட்டிகளில் வந்த அலுமாரி

எமக்குத் தெரிந்த குடும்பமொன்று படத்தில் பார்த்து ஓர் அலுமாரி வாங்கியது. முதற் சிக்கல் விலாசம். நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக எமது மக்களிற் பெரும்பாலானோருக்குத் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே விலாசம். கடிதங்களும் தோட்ட அலுவலகத்துக்கே வரும். லொறிச் சாரதி மூன்று தடவை தொலைபேசியில் கேட்டுவிட்டு, பிரதான பாதையில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து மேட்டு லயத்துக்குத் தகப்பனும் இரு பிள்ளைகளும் தலைச்சுமையாகத் தூக்கினார்கள்.

இரண்டாவது சிக்கல் அளவு. படத்தில் எல்லா அலுமாரியும் ஒரே அளவாகத்தான் தோன்றும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கட்டிலும் அதுவும் சேர்ந்தபோது கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. அது மரமன்று. மரத்தூளையும் சிறு துண்டுகளையும் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்து, மேலே மரம்போன்ற தாளை ஒட்டிய பலகை. பாகங்களாகக் கழற்றித் தட்டையான பெட்டியில் அடைத்து அனுப்பும் முறையை 1950களில் சுவீடன் நாட்டின் ஐக்கியா நிறுவனம் பெருமளவில் வளர்த்தெடுத்தது. அனுப்பும் செலவு குறையும், பூட்டும் வேலையை வாங்குபவரே செய்வார் என்பதே அதன் கணக்கு. உலர்ந்த, சூடேற்றப்பட்ட வீடுகளில் அத்தகைய பலகை பல காலம் நிற்கும். டிக்கோயாவின் நிலை வேறு. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் சுவரே வியர்க்கும். அந்தப் பலகையின் ஓரம் ஈரத்தை உறிஞ்சி ரொட்டி போல வீங்கும். வீங்கியபின் திருகாணி பிடிக்காது. அந்த அலுமாரி ஓர் ஆண்டு மழையைத் தாங்கவில்லை. முறையிடத் தொலைபேசி எடுத்தபோது அந்த இலக்கம் பாவனையில் இருக்கவில்லை.

இணையத்தில் விற்பவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நாம் கூறவில்லை. பெயரும் விலாசமும் திருப்பி எடுக்கும் ஒழுங்கும் உள்ளவர்கள் இருக்கின்றனர். ஆனால் அழகான படத்தைப் போட்டு, "முற்பணத்தை வங்கியில் இடுங்கள்" என்று கேட்டு, பணம் கிடைத்ததும் மறைந்துவிடுபவர்களும் அதே திரையில் அதே அழகோடுதான் தோன்றுகின்றனர். அனர்த்தக் கொடுப்பனவு மக்களின் கைக்கு வரும் காலமே இவர்களுக்கு அறுவடைக் காலம்.

கடையிலும் கண் திறந்திருக்க வேண்டும்

அப்படியானால் நகரக் கடையே நல்லது என்று முடித்துவிடலாமா? கடையில் பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். பழுதானால் திரும்பிப் போய் நிற்பதற்கு ஒரு வாசல் உண்டு. இது பெரிய நன்மை. ஆயினும் கடையில் வேறொரு பொறி இருக்கின்றது. அதன் பெயர் தவணைக் கட்டணம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ரொக்க விலை 60,000 ரூபாவான கட்டில் ஒன்றுக்கு 10,000 ரூபா முற்பணமும், மாதம் 3,100 ரூபா வீதம் 24 மாதங்களும் கட்டச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,100 என்பது சிறிய தொகை போலத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் 84,400 ரூபா. அந்த மேலதிக 24,400 ரூபாவுக்கு இன்னொரு மேசையும் இரண்டு கதிரைகளும் வாங்கியிருக்கலாம். ஒப்பந்தமோ பெரும்பாலும் எமது மக்கள் வாசிக்கும் மொழியில் இருப்பதில்லை. வாசிக்காமலே ஒப்பமிடுகிறோம்.

எமது பாட்டன்மார் "துண்டு" என்ற சொல்லை நன்கு அறிவார்கள். தொழிலாளி பட்ட கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடனைத் தீர்த்தாலொழிய அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921 இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் எத்தனை வீடுகளில் இன்று தவணைப் புத்தகம் துண்டின் இடத்தைப் பிடித்திருக்கின்றது என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். நிலமும் வீடும் இழந்தவன் கட்டிலுக்காகத் தன் அடுத்த இரண்டு வருடங்களையும் அடகு வைக்கலாகாது.

எம் கண்முன் இருக்கும் மூன்றாவது வழி

தொலைபேசியா கடையா என்று விவாதிக்கும்போது, எமது தோட்டங்களிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் தச்சர்களை மறந்துவிடுகிறோம். மொறட்டுவையில் செய்த தளபாடங்கள் நாடெங்கும் போகின்றன, நல்ல வேலைதான். ஆயினும் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களிலும் மரம் அறிந்த கைகள் இருக்கின்றன. அவர் வீட்டுக்கு வந்து காம்பராவை அளந்து பார்ப்பார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்பார். கால் ஆடினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைச் சந்தியில் பிடித்துக் கேட்கலாம். கொடுத்த பணமும் எமது ஊரிலேயே சுற்றும்.

இங்கும் கவனம் தேவை. காயாத மரத்தில் செய்த மேசை, காயும்போது வெடிக்கும், வளையும். மரம் என்ன, எவ்வளவு காலம் காய்ந்தது என்று கேட்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்கக் கூடாது. மரத்துக்கு ஒரு பங்கு, வேலை பாதி முடிந்ததும் ஒரு பங்கு, வீட்டில் வைத்த பின் மீதி என்று எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இயேசு வளர்ந்தது ஒரு தச்சரின் வீட்டில். 1955 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதலாம் திகதியைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். ஒவ்வொரு வருடமும் அத்திருநாளைக் கொண்டாடிவிட்டு, எமது ஊர்த் தச்சரின் பட்டறை வெறிச்சோடிக் கிடப்பதைப் பாராமல் போவது பொருத்தமா?

நாமும் தவறினோம்

மற்றவரைக் குறை கூறுமுன் எமது குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னொரு தடவை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கென எமது பணியகம் கட்டில்களை மொத்தமாகக் கொழும்பில் வாங்கி அனுப்பியது. ஒரு குடும்பத்திடமும் கேட்கவில்லை. தற்காலிகக் கொட்டில்களின் வாசலுக்குள் அவை நுழையவில்லை. பல கட்டில்கள் மழையில் நனைந்து கிடந்தன. அவற்றின் மேல் விறகு அடுக்கியிருந்ததைக் கண்டு நாம் முதலில் கோபப்பட்டோம், பின்னர் வெட்கப்பட்டோம். வாங்குபவன் ஒருவன், பாவிப்பவன் இன்னொருவன் என்றிருந்தால் இப்படித்தான் முடியும்.

செய்யக்கூடியவை

எமது முடிவு இதுதான்: விலையைத் தொலைபேசியில் பார்ப்போம், பொருளைக் கையால் பார்ப்போம், வாங்குவதைச் சேர்ந்து செய்வோம்.

தொலைபேசி பாவிக்கத் தெரிந்த இளைஞர்கள், கட்டில், அலுமாரி, மேசை ஆகியவற்றின் அன்றைய விலைகளை எழுதி ஆலயத்திலோ கோவிலிலோ வாசகசாலையிலோ ஒட்டிவைக்கலாம். விலை தெரிந்து கடைக்குள் போகிறவனை எந்தத் தோட்டம் என்று கேட்டு விலை கூட்ட முடியாது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே தச்சரிடமோ ஒரே கடையிலோ கேட்டால் விலையும் குறையும். ஒரு லொறிக் கூலியும் பத்தாகப் பிரியும். 1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் ஏழை நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் தொடங்கிய கூட்டுறவுக் கடை, இத்தகைய ஒரு சிறு கணக்கிலிருந்தே பிறந்தது.

போவதற்கு முன் காம்பராவையும் வாசலையும் ஒரு கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அலுமாரியின் முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். மரமா அழுத்திய பலகையா என்பது அங்கேதான் தெரியும். வீட்டில் வைக்கும்போது கால்களின் கீழ் செங்கல் வைத்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

இணையத்தில்தான் வாங்க வேண்டுமென்றால், பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையையே தெரிவு செய்யுங்கள். பெட்டியைத் திறக்கும்போது படம் பிடியுங்கள். விற்பவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, தொலைபேசியில் இருப்பது என்ற ஒரே காரணத்தால் அது செல்லாததாகிவிடாது.

எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. குறையிருந்தால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அதன் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாடு எழுதத் தெரியாவிட்டால் ஆசிரியரிடமோ பங்குப் பணிமனையிலோ கேளுங்கள். அதற்காகத்தான் நாம் இருக்கிறோம்.

அன்பான குடும்பங்களே, மலை சரிந்தபோது நீங்கள் இழந்த அலுமாரிக்குள் இருந்தவற்றை எவரும் திருப்பித் தர முடியாது. ஆனால் இனி வாங்கும் அலுமாரியை, கேட்டு, அளந்து, தட்டிப் பார்த்து, அயலவரோடு பேசி வாங்கலாம். யாரோ அனுப்பியதை ஏற்றுக்கொண்டே பழகிப்போன எமக்கு, "இது எனக்கு வேண்டாம், அதுதான் வேண்டும்" என்று சொல்வதும் ஒரு விடுதலைதான். பிள்ளை அந்த மேசையில் அமர்ந்து தன் பெயரோடு தன் வீட்டு விலாசத்தையும் எழுதும் நாளுக்காக நாம் உழைப்போம்.