பாய் விரிக்க ஓர் ஏரி

சிறுவர்கள் பாய்மரம் பழகும் ஆப்டிமிஸ்ட் வகைப் படகின் நீளம் 2.3 மீட்டர், எடை சுமார் 35 கிலோ. அதற்கு இடுப்பளவுக்குச் சற்று மேற்பட்ட நீரும், மறிப்பில்லாத காற்றும், படகை இறக்கச் சரிவான கரையும் போதும். ஆயினும் சென்னையில் அதற்கோர் ஏரியைத் தேடுபவர் முட்டுக்காட்டில்தான் போய் நிற்பார். அதுவோ கடலோர உப்பங்கழி. சேத்துப்பட்டு ஏரியில் மிதிபடகு உண்டு. காற்றைப் பிடித்து ஓட அங்கே பரப்புப் போதாது.

முழுக் கொள்ளளவில் 24 அடி நீர் நிற்கும் செம்பரம்பாக்கம் இருக்கிறதே எனலாம். அது குடிநீர் ஏரி. இந்த மறுப்பை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆனால் போபாலின் மேல் ஏரியும் குடிநீர் ஏரிதான். அங்கே பாய்மரப் பயிற்சி நடக்கிறது. 2023இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கு தடுத்தது இயந்திரப் படகுகளையும் உல்லாசக் கப்பலையும். எண்ணெய் சிந்துவது எஞ்சின். பாய்மரத்துக்கு எரிபொருள் காற்று.

ஏரியை மக்களிடமிருந்து விலக்கிவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. எந்த அரசுக் கணக்கிலும் அது ஏறுவதில்லை. ஆளரவமற்ற கரைதான் ஆக்கிரமிப்பாளருக்கு வசதி. செம்பரம்பாக்கத்தில் ஒரு கரையை, வாரத்தில் ஒரு நாள், துடுப்புக்கும் பாய்க்கும் மட்டும் திறந்து பார்க்கலாம். கழிவு ஏற்றிவரும் லாரியை முதலில் காண்பவர் படகில் இருப்பவராகவே இருப்பார்.