சளி இல்லீங்க, பல்லு!

போன மாசம் மெரினாவுல சவாரிக் குதிரை ஒண்ணைப் பார்த்தேன். வலது மூக்குல மட்டும் மஞ்சளா ஒழுகுது. கிட்டப் போனா குடலைப் புரட்டுற நாத்தம். "கடல் காத்து சார், சளி"ன்னார் குதிரைக்காரர்.

சளின்னா பெரும்பாலும் ரெண்டு மூக்கும் ஒழுகும். ஒரே பக்கம், அதுவும் நாத்தத்தோட ஒழுகினா முதல்ல சந்தேகப்பட வேண்டியது கடைவாய்ப் பல்லை. குதிரைக்கு மேல்தாடையின் பின்கடைவாய்ப் பற்களோட வேர், சைனஸ் அறையை ஒட்டியே இருக்கு. வேர்ல சீழ் வெச்சா அது அறையில ரொம்பி மூக்கு வழியா வடியும். ஆன்டிபயாடிக் கொடுத்தா நிக்கிற மாதிரி நிக்கும். நிறுத்தினா திரும்ப வரும். கெட்டுப்போன பல்லைப் பிடுங்கி, அறையைக் கழுவினாத்தான் தீரும்.

குதிரைப் பல் வருஷத்துக்கு 2-3 மி.மீ. வெளியே வந்துக்கிட்டே இருக்கும். சீராத் தேயலேன்னா ஓரம் கத்தியாகி கன்னத்தைக் கிழிக்கும். மென்ன புல்லை உருண்டையாத் துப்புற குதிரையோட வாயைத் திறந்து பார்க்கணும்.

அந்த மனுஷரைக் குத்தம் சொல்லலை. ஆனா வாங்கும்போது வயசு தெரிஞ்சுக்கப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம், வாங்கினப்புறம் ஒருத்தரும் பார்க்கிறதில்லை. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேன்னாங்க, சம்பாதிச்சுப் போடுற குதிரையை இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில காட்டலாமே? வலிக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. கடிவாளமும் அதே வாயிலதான்.