பந்தயக் காரும் பாதையோரக் காணியும்



ஹல்துமுல்லையிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் என் மேசையில் இரண்டு வாரமாகக் கிடக்கிறது. நான்கு பக்கம். மூன்று பக்கத்தில் மகனின் குணத்தையும் பிடிவாதத்தையும் எழுதிவிட்டு, நான்காம் பக்கத்தின் அடியில்தான் விஷயத்துக்கு வருகிறார். மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்திருக்கிறான். ஆனால் மொறட்டுவையில் பொறியியல் படிக்கும் அளவுக்குப் புள்ளி காணவில்லை. இப்போது இங்கிலாந்துக்குப் போய் 'மோட்டார்ஸ்போர்ட் எஞ்சினியரிங்' படிக்க வேண்டுமென்று நிற்கிறானாம். முகவர் ஒருவர் எல்லாம் செய்து தருவதாகச் சொல்கிறார். மௌத்தான கணவர் விட்டுப்போன பாதையோரக் காணியை விற்றால் காசு சேரும். "மௌலவி, இது படிப்பா, விளையாட்டா? காணியைக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

அரபு இலக்கணம் படிப்பிக்கிற எனக்குக் கார் எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் சிரிக்கலாம். விசாரித்துத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தாயின் பயம் எங்கிருந்து வந்தது என்பது கடிதத்திலேயே இருக்கிறது. 2024 ஏப்ரல் 21, தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் பந்தயம். ஐந்து வருட இடைவெளிக்குப் பின் நடந்ததால் ஊவா முழுவதுமிருந்து சனம் திரண்டிருந்தது. ஹல்துமுல்லைப் பிள்ளைகளும் காலையிலேயே பஸ் ஏறிப் போயிருந்தார்கள். ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு உயிர்கள் போயின. இவருடைய மகனும் அன்று அங்கே இருந்தான். இரவு உடம்பெல்லாம் புழுதியோடு வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லையாம். மூன்றாம் நாள் உம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த இடத்தில் ஏன் தடுப்பு இருக்கவில்லை?" என்பது. இனி இந்தப் பேச்சே வீட்டில் இருக்காது என்று நம்பியிருந்த தாய்க்கு, அதற்குப் பிறகுதான் பையனின் ஆசை கூடிப்போனது விளங்கவில்லை.

எனக்கு அது விளங்குகிறது. பந்தயப் பொறியியலில் பாதி வேலை காரை ஓட வைப்பது. மற்றப் பாதி அதை நிற்பாட்டுவதும், மோதினாலும் ஆளைக் காப்பதும். 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் சிதறிச் சனத்துக்குள் விழுந்து எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பின் சுவிட்சர்லாந்து தன் நாட்டில் சுற்றுத்தடப் பந்தயத்தையே தடை செய்தது. மற்ற நாடுகள் தடுப்புச் சுவர், பார்வையாளர் நிற்கும் தூரம், ஓடுகூட்டின் பலம் என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தன. 2018இல் ஃபார்முலா வன் கார்களில் ஓட்டுநரின் தலைக்கு மேலே 'ஹேலோ' என்ற வளையத்தைக் கட்டாயமாக்கினார்கள். பார்க்க அழகில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமெய்ன் குரோஜான் என்பவரின் கார் வேலியைப் பிளந்துகொண்டு தீப்பிடித்தது. அவர் நெருப்புக்குள்ளிருந்து தானாக ஏறி வெளியே வந்தார். அந்த வளையம் இல்லாவிட்டால் தலை தப்பியிருக்காது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கணக்குப் போட்டுச் செய்தவர்கள் பொறியியலாளர்கள்.

நம் ஊரைப் பாருங்கள். ஹப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாக இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால், பிரேக் கருகும் மணம் மூக்கில் ஏறாதவர் உண்டா? பிரேக்கை மிதிக்கும்போது வண்டியின் வேகம் எங்கும் மறைந்துபோவதில்லை, சூடாக மாறுகிறது. இறக்கம் நீளமாக இருந்து, மிதித்த கால் எடுக்காமலே இருந்தால் சூடு ஆற வழியில்லாமல் பிரேக் பிடியை இழக்கிறது. பழகிய சாரதி சிறிய கியரில் இறங்குவது இதற்காகத்தான். பந்தயக் காரின் கார்பன் பிரேக் தட்டுகள் ஆயிரம் பாகை சென்டிகிரேட் அளவுக்குச் சிவந்தும் வேலை செய்கின்றன. அவற்றுக்குக் காற்று ஊட்டும் குழாயை வடிவமைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இன்று சாதாரணக் கார்களில் உள்ள டிஸ்க் பிரேக், 1953இல் லெ மானில் ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகத்தின் நம்பிக்கையைப் பெற்றது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து பதினைந்து பேர் இறந்ததை நாம் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். மலைநாட்டுப் பையனுக்கு இந்தப் படிப்பு தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆகவே தாயே, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: படிப்புத்தான். நல்ல படிப்பும்கூட.

இரண்டாவது கேள்வி காணி. இதில்தான் நான் நிதானிக்கச் சொல்கிறேன்.

ஃபார்முலா வன் அணிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலேதான் இருக்கின்றன. ரெட் புல் மில்டன் கீன்ஸில், மெர்சிடிஸ் பிராக்லியில், மக்லாரன் வோக்கிங்கில், வில்லியம்ஸ் குரோவில். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஆள் மாறுவது அங்கே பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி. கிரான்ஃபீல்ட், ஒக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் போன்ற பல்கலைக்கழகங்கள் இத்துறைக்குப் பேர்போனவை. முகவர் சொன்னதில் இதுவரை பொய்யில்லை. ஆனால் அவர் சொல்லாத ஒன்று உண்டு. அந்த அணிகள் 'மோட்டார்ஸ்போர்ட்' என்று பட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஆள் எடுப்பதில்லை. இயந்திரவியல், விமானப் பொறியியல், கணினி படித்தவர்கள் அங்கே நிறையப் பேர். கிரான்ஃபீல்டில் இது முதற்பட்டத்துக்குப் பிறகு படிக்கும் முதுகலைப் படிப்பு. பொதுவான இயந்திரவியல் பட்டம் ஒன்று கையிலிருந்தால், பந்தய வேலை கிடைக்காவிட்டாலும் தொழிற்சாலையோ, ரயில்வேயோ, பஸ் கம்பனியோ இருக்கிறது. குறுகிய பெயருள்ள பட்டத்தோடு ஊர் திரும்பினால் நேர்முகப் பரீட்சையில் முதலில் பட்டத்தின் பெயரை விளக்க வேண்டியிருக்கும்.

இனிக் காசுக் கணக்கு. பவுண் என்றதும் கழுத்துப் பவுணை நினைத்துவிடாதீர்கள், இது இங்கிலாந்துப் பவுண். வெளிநாட்டு மாணவனுக்கு ஆண்டுக் கட்டணம் இருபதாயிரம் பவுண் என்று வையுங்கள். கூடக் கேட்கும் இடங்களும் உண்டு. பவுண் நானூறு ரூபாய் என்று பார்த்தால் எண்பது இலட்சம். மூன்றாண்டுக்கு இரண்டு கோடி நாற்பது இலட்சம். சோறும் அறை வாடகையும் தனி. விசாவுக்கு முன்பே ஒன்பது மாதச் செலவுக்கென்று பத்தாயிரம் பவுணுக்கு மேல் வங்கியில் 28 நாள் தொடர்ந்து கிடக்கவேண்டும். நாணயமும் நம் கையில் இல்லை. 2022 மார்ச் ஆரம்பத்தில் இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது முந்நூற்றைம்பதைத் தாண்டியது. அந்த வருடம் பாதிப் படிப்பில் பிள்ளைகளை வைத்திருந்த வீடுகளில் எத்தனை தாய்மார் நகைப் பெட்டியைத் திறந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காணியை விற்றும் போதாமல் வட்டிக் கடனில் இறங்குவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று.

"அவன் வேலை செய்துகொண்டே படிப்பான்" என்கிறாராம் முகவர். மாணவ விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. சுயதொழிலும் கூடாது. இந்த இரண்டாவது விதிதான் பந்தய உலகில் இடறும் கல். சிறிய அணிகள் சனி, ஞாயிறு பந்தயத்துக்கு ஆட்களை நாட்கூலிக்கு, சுயதொழில்காரர் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் கூப்பிடும். உள்நாட்டு மாணவன் அப்படிப் போய் அனுபவமும் அறிமுகமும் தேடிக்கொள்கிறான். நம் பையன் போனால் விசா போய்விடும். பட்டம் முடித்த பின் வேலை தேடத் தங்குவதற்கு 2021இலிருந்து இரண்டு வருட விசா கொடுக்கிறார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவருக்கு அது பதினெட்டு மாதமாகக் குறைகிறது. இன்று முதலாமாண்டுக்குப் போகிறவன் முடிக்கும்போது அந்தக் குறைந்த காலம்தான் அவனுக்கு.

அப்படியானால் கனவை விட்டுவிடுவதா? வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும். பந்தய அணிகள் விண்ணப்பத்தில் முதலில் பார்ப்பது 'ஃபார்முலா ஸ்டூடண்ட்' அனுபவத்தை. மாணவர்களே ஒரு சிறிய பந்தயக் காரை வடிவமைத்து, செய்து, செலவுக் கணக்கும் காட்டி, ஓட்டிக் காட்டும் போட்டி அது. இங்கிலாந்தில் 1998இல் தொடங்கியது. மொறட்டுவை மாணவர்கள் அங்கே போய்ப் பங்குபற்றியிருக்கிறார்கள். நமக்கு அருகில், கோயம்புத்தூரிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 'ஃபார்முலா பாரத்' என்ற பெயரில் இதே போட்டி நடக்கிறது. இந்தியாவில் பந்தயக் கார்களைச் செய்யத் துணிந்த கரிவர்தன் என்ற கோவைக்காரரின் பெயரால் அமைந்த தடம் அது. அந்த அணி உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில், இங்கேயோ தமிழ்நாட்டிலோ, இயந்திரவியல் படிப்பதற்கு ஆகும் செலவையும் முதலில் விசாரியுங்கள். முதற்பட்டத்துக்குப் பிறகு ஒரு வருடம் இங்கிலாந்து என்றால் சுமை மூன்றில் ஒன்று. ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் கட்டணமே வாங்குவதில்லை, ஆனால் மொழி படிக்கவேண்டும். கையால் வேலை செய்வதில்தான் அவனுக்கு ருசி என்றால், 1959இலிருந்து இயங்கும் மொறட்டுவை ஜேர்மன் டெக்கும் இருக்கிறது. பந்தய அணிக்கு மெக்கானிக்கும் வேண்டும்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். தொலைக்காட்சியில் காண்பது தடத்தில் நிற்கும் அறுபது பேரளவானவர்களைத்தான். தொழிற்சாலையில் கணினி முன்னால் இருப்பவர்கள் பல நூறு பேர். தடத்துக்குப் போகிறவர்களுக்கு 2025இல் இருபத்து நான்கு பந்தயங்கள். வெள்ளியில் பயிற்சி, ஞாயிறில் ஓட்டம், திங்களில் விமானம். அந்த வாழ்க்கையில் ஜும்ஆவையும் குடும்பத்தையும் எங்கே வைப்பான் என்பதை அவனே யோசிக்கட்டும்.

கடிதத்தில் ஒரு பின்குறிப்பு. இளைய மகளும் நானாவின் புத்தகங்களைப் புரட்டுகிறாளாம், "பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு" என்று உம்மம்மா அதட்டுகிறாராம். சூடானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த யஸ்மின் அப்துல் மஜீத், ஹிஜாப் அணிந்தே இயந்திரவியல் படித்து, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பந்தயக் கார் அணிக்குத் தலைமை தாங்கினார். 2025இல் லோரா முல்லர் என்ற ஜேர்மன் பெண், ஹாஸ் அணியில் ஓர் ஓட்டுநருக்கு நிரந்தரப் பந்தயப் பொறியியலாளரானார். ஃபார்முலா வன் வரலாற்றில் அந்தப் பொறுப்பில் முதற்பெண் அவர்தான். புத்தகத்தை அவளும் பார்க்கட்டும், உம்மம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

முகவரிடம் அடுத்தமுறை போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். இந்தப் பட்டத்தை இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனம் அங்கீகரித்திருக்கிறதா? அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஃபார்முலா ஸ்டூடண்ட் அணி இருக்கிறதா? சென்ற வருடம் முடித்த வெளிநாட்டு மாணவர் இருவருடன் பேச வைப்பீர்களா? பல்கலைக்கழகம் உங்களுக்கு எவ்வளவு தரகு தருகிறது? கடைசிக் கேள்விக்குக் கோபித்துக்கொண்டால், எழுந்து வந்துவிடுங்கள். பதில்கள் எழுத்தில் வரும்வரை காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும். வந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், மகனையும் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்.